வாளியில் சொட்டுவது உங்கள் காசு!

உங்கள் வீட்டில் ஏ.சி. இருக்கிறதா? இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். ஏ.சி.யில் இருந்து வெளியே வரும் தண்ணீர்க் குழாயின் கீழே ஒரு வாளியை வையுங்கள். காலையில் எழுந்து பாருங்கள்.

வறண்ட கோடையில் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் பாதி வாளிக்கு மேல் நிற்கும். சில வீடுகளில் நிரம்பி வழிந்திருக்கும். 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அது ஏது? ஏ.சி.க்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவ்வளவும் உங்கள் அறைக் காற்றில் ஆவியாகக் கலந்திருந்த தண்ணீர். அதைப் பிடித்து வெளியே தள்ள மின்சாரம் செலவாகிறது.

கரண்டு பில் வந்ததும், "குளிருக்கு இவ்வளவா?" என்று தலையில் கை வைக்கிறோம். அந்தப் பில்லில் ஒரு பங்கு குளிருக்கு அல்ல. தண்ணீருக்கு!

ஏ.சி. வாங்குகிறவர்கள் உஷ்ணத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஈரத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்குள் சேரும் ஈரத்தைக் குறைத்தால் ஏ.சி.யின் பாதிப் பாரம் குறையும் என்பது என் கருத்து. இதைச் சொல்வதற்கு மிகவும் பொருத்தமான ஊர், தேவிகாபுரம்.

ஒரே வீட்டில் இரண்டு காற்று

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணி வட்டாரத்தில் இருக்கும் நெசவாளர் ஊர் தேவிகாபுரம். மலைமேல் இருக்கும் கனககிரீசுவரருக்கு வெந்நீரில் அபிஷேகம் செய்வார்கள். கத்திரி வெயில் வந்துவிட்டால், மலைக்குக் கீழே உள்ளவர்களுக்கு வியர்வை அபிஷேகம்!

இங்கே நெய்வது பட்டு. பட்டு நூலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த பட்டின் எடையில் 100-க்கு 11 பங்கு ஈரம் இருக்கலாம் என்பது வியாபாரத்தில் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கணக்கு. நல்ல புழுக்கத்தில் 30 பங்கு வரை இழுக்கும். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது!

காற்று வறண்டு போனால் நூலும் வறண்டு போகும். பாவு இழைகள் பட்டுப் பட்டென்று அறும். அறுந்ததை எடுத்து முடிந்து, மறுபடி நாடாவைத் தள்ளுவதற்குள் பொழுது போய்விடும். பொழுது போனால் கூலி போயிற்று.

குழித்தறியின் அருமை இதில்தான் இருக்கிறது. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறார். மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் பாவுக்கு அடியில் இருந்துகொண்டே இருக்கின்றன. வெயில் காலத்தில் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள்; ஈரச் சாக்கு விரிப்பார்கள். என்ஜினீயரிங் காலேஜ்கள் வருவதற்கு முன்பே நம் பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

சரி. இந்தத் தறிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஏ.சி. வைத்தால்?

தறிக்கு ஈரம் வேண்டும். ஏ.சி.க்கு ஈரம் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு துணித் திரை மட்டும் தொங்கினால், தறிக்காகத் தெளித்த தண்ணீரை ஏ.சி. உறிஞ்சி வெளியே கொட்டும். தறிக்கூடத்தில் பாவு காயும். படுக்கை அறையில் மீட்டர் ஓடும். இரண்டு பக்கமும் நஷ்டம்!

தறி வீட்டில் ஏ.சி. வைக்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஏ.சி. அல்ல. நல்ல கதவு.

தறி இல்லாத வீட்டுக்காரர்கள், "இது நமக்கு இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் தறிக்கூடம் இருக்கிறது. அதன் பேர் சமையல் அறை, குளியல் அறை, துணி காயப்போடும் கொடி!

பேர் வைத்தவர் நூல் ஆலைக்காரர்

ஏ.சி. யாருக்காகப் பிறந்தது தெரியுமா? மனிதனுக்காக அல்ல. காகிதத்துக்காக!

1902-ம் ஆண்டு. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். அங்கே வண்ணப் படங்கள் அச்சிட்டார்கள். ஒரே காகிதத்தில் ஒவ்வொரு வண்ணமாகப் பல தடவை அச்சிட வேண்டும். புழுக்கம் வந்தால் காகிதம் ஈரத்தை இழுத்து விரியும். புழுக்கம் போனால் சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது. மூக்கு ஓரிடம், மூக்குத்தி ஓரிடம்!

இதற்கு வழி காணும் வேலை வில்லிஸ் காரியர் என்ற என்ஜினீயரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. குளிர்ந்த குழாய்களின் மேல் அறைக் காற்றைச் செலுத்தத் திட்டம் போட்டார். மோர்ச் சொம்பின் வெளிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேபோல் காற்றில் இருந்த ஈரம் குழாயில் படிந்து வடிந்தது. காகிதம் கட்டுப்பட்டது. இன்று உங்கள் சுவரில் தொங்கும் ஏ.சி.யும் இப்படித்தான் வேலை செய்கிறது.

'ஏர் கண்டிஷன்' என்ற பேரை வைத்தவர் வேறொருவர். ஸ்டூவர்ட் கிரேமர் என்று பேர். பஞ்சாலைகளுக்கு வேலை செய்த என்ஜினீயர். நூலுக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துப் பக்குவப்படுத்துவதை ஆலைக்காரர்கள் நூலை 'கண்டிஷன்' செய்வது என்பார்கள். அந்த வார்த்தையை 1906-ம் ஆண்டு அவர் காற்றுக்கு வைத்தார்.

காரியர் காற்றில் ஈரத்தைக் குறைத்தார். கிரேமர் கூட்டினார். இரண்டு பேருக்குமே முதல் கவலை ஈரம்தான். நாம்தான் அதை மறந்துவிட்டு, ரிமோட்டில் தெரியும் நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

10 லிட்டர் எங்கிருந்து வந்தது?

கணக்குப் பார்ப்போம். பென்சில் வேண்டாம். மனக்கணக்கே போதும்.

10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள அறை. மழை விட்ட ராத்திரி. உஷ்ணம் 28 டிகிரி. ஈரப்பதம் 85 சதவீதம். அதாவது, அந்த உஷ்ணத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் 100-க்கு 85 பங்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

அந்த அறைக் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் எவ்வளவு? சுமார் முக்கால் லிட்டர். அவ்வளவுதான்! ஏ.சி. அதில் பாதியை எடுத்தாலே உடம்புக்குச் சுகமாகிவிடும்.

அப்படியானால், வாளியில் 10 லிட்டர் நிற்கிறதே! மீதி பக்கத்து வீட்டில் இருந்தா வந்தது?

ஒரு வகையில் அப்படித்தான். கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து. ஜன்னல் சட்டத்தில் இடைவெளி. பழைய வீடுகளில் சுவர் உச்சியில் மூடாத வெண்டிலேட்டர். இந்த வழிகளில் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. மணிக்கு இரண்டு தடவை அறைக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்தில் சுமார் ஐந்தரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே வந்துவிடும்! பாதி வாளிக்கு மேல் இதுவே ஆயிற்று.

அடுத்தது நாம். தூங்கும்போதும் மூச்சிலும் தோலிலும் இருந்து ஈரம் போகிறது. ஓர் ஆளுக்கு மணிக்கு 40 முதல் 50 மில்லி. புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் விடிவதற்குள் ஒன்றேகால் லிட்டர், ஒன்றரை லிட்டர். இதைத் தடுக்க முடியாது. மூச்சு விடாமல் இருக்க முடியுமா?

மூன்றாவது, துணி. பிழிந்த துணிகளை ஏ.சி. அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாளித் துணி காய்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். துணி காய்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். ஏ.சி.யால் துணி காயப்போடுவது, பட்டுப் புடவையால் தரை துடைப்பது மாதிரி!

சமையல் அறையும் சேர்ந்துகொள்ளும். சாதம் வடிக்கும் ஆவி மட்டும் அல்ல. காஸ் எரிவதே தண்ணீரை உண்டாக்கும். 14.2 கிலோ எடை உள்ள ஒரு சிலிண்டர் எரிந்து தீர்ந்தால், சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வந்திருக்கும். நம்ப முடியவில்லையா? எரியும்போது காஸில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேருகிறது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும்.

இதற்கு ஆகும் மின்சாரம் எவ்வளவு? ஆவியாக இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் குளிர்த்துத் திரும்பத் தண்ணீராக்க வேண்டுமானால், ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வெப்பத்தை எடுக்க வேண்டும். சாதாரண ஏ.சி. 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆக, 10 லிட்டருக்கு 2 யூனிட்டுக்கு மேல் ஆகிறது.

ஒரு ராத்திரிக்கு 2 யூனிட் என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். 60 ராத்திரிக்குப் பெருக்குங்கள். 130 யூனிட்! தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ம் ஆண்டு வந்ததே, அதைவிட அதிகம். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்ந்தது. நெசவு நடப்பதற்காகக் கொடுத்த சலுகை அது. வாளி நிரம்புவதற்காக அல்ல.

18 வைத்தாலும் பிசுபிசுப்பு!

பல வீடுகளில் ராத்திரி 11 மணிக்கு நடக்கும் பேச்சு இது:

"என்னங்க, 18-ல வெச்சிருக்கு. ஆனாலும் உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கே!"

"மெஷின்ல காஸ் குறைஞ்சுபோச்சு போல இருக்கு. காலையில மெக்கானிக்கைக் கூப்பிடலாம்."

காஸ் குறையாமலே இருக்கலாம். நம் உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். காற்றில் ஈரம் நிரம்பி இருந்தால் வியர்வை காயாது. அதனால்தான் 28 டிகிரியில்கூடப் புழுங்குகிறது. ஈரத்தை விரட்டிவிட்டால் 26 டிகிரியே சுகமாக இருக்கும். கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுற்ற விட்டால், 26-ல் போர்வை தேடுகிறவர்களும் உண்டு.

ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 2020-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல், புதிய ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அது நல்ல காரியம். ஆனால் ஈரத்தைக் குறைக்காமல், "நம்பரைக் கூட்டு, கூட்டு" என்று மட்டும் சொன்னால் ஜனங்கள் கேட்க மாட்டார்கள். புழுக்கத்தில் படுத்திருப்பவனிடம் சிக்கனம் பேசினால் காதில் ஏறுமா?

ஏ.சி. வாங்கும் இடத்திலேயே ஒரு தவறு நடக்கிறது. சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. "இரண்டு டன் போட்டால் ஜில்லென்று இருக்கும்" என்கிறார்கள். டன் என்பது எந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம். அளவுக்கு மீறிய எந்திரம் காற்றைச் சட்டென்று குளிர்த்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை வடிக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி புழுக்கம். மறுபடி ஓட்டம். குளிரும் உண்டு, பிசுபிசுப்பும் உண்டு! அறைக்கு ஏற்ற அளவு எந்திரம் நிதானமாக ஓடி, ஈரத்தையும் வடிக்கும்.

என்ன செய்யலாம்?

கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பழைய புடவையைச் சுருட்டி வைத்தாலும் போதும். ஏ.சி. ஓடும்போது வெண்டிலேட்டரை அட்டையாலோ கண்ணாடியாலோ மூடுங்கள். ஜன்னல் சந்துகளை அடையுங்கள். நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான். ஆகும் செலவு சொற்பம்; மிச்சம் அதிகம்.

அதற்காகக் காற்றே புகாத பெட்டியாக அறையை ஆக்கிவிடக் கூடாது. மனிதருக்கு மூச்சுக்காற்று வேண்டும். விடிந்ததும் கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்போ, சாம்பிராணித் தணலோ வைத்துக்கொண்டு ஒரு நாளும் தூங்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. கொசுவர்த்தியும் மூடிய அறைக்கு ஆகாது.

மழை நாளில் துணியை எங்கே காயப்போடுவது என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாழ்வாரத்தில் போடுங்கள். அது இல்லாத வீட்டில், வேறு அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியின் கீழே போடுங்கள். ஏ.சி. அறை மட்டும் வேண்டாம். குளித்து முடித்ததும் குளியல் அறைக் கதவைச் சாத்துங்கள். சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். படுக்கப் போகும் முன் ஏ.சி. அறையை ஈரத் துணியால் துடைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். காலையில் துடைத்தால் தரை காய்வதற்கு நேரம் இருக்கும்.

ரிமோட்டில் தண்ணீர்த் துளிப் படம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 'டிரை' என்றும் எழுதி இருக்கும். வெயில் இல்லை, ஆனால் புழுக்கம் தாங்கவில்லை என்ற மழைக்கால ராத்திரிக்காகத்தான் அந்தப் பொத்தான். காற்றை மெதுவாக ஓட்டி ஈரத்தை வடிக்கும். கத்திரி வெயிலுக்கு அது போதாது. மாதம் இரண்டு தடவை உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றித் தூசியைக் கழுவுங்கள்.

கடைகளில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். 40-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் சரி. 60-க்கு மேலே பல நாள் நின்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். பீரோவில் உள்ள பட்டுப் புடவையில் ஜரிகை கறுக்கும். வேடிக்கையைப் பாருங்கள். தறியில் இருக்கும் வரை ஈரம் கேட்ட அதே பட்டு, புடவையாகி பீரோவுக்குள் போனதும் ஈரம் வேண்டாம் என்கிறது!

தறிக்கூடத்துக்கு எது?

பகல் முழுவதும் தறியில் உட்காருகிறவருக்கும் வேர்க்கிறது. அவருக்கு என்ன வழி? தறிக்கூடத்தில் ஏ.சி. கூடாது என்று சொல்லிவிட்டு, அவரைப் புழுக்கத்தில் விட்டுவிட முடியுமா?

வறண்ட கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நல்லது. கூலர் காற்றைக் குளிர்விக்கும், ஈரத்தையும் கொடுக்கும். பங்குனி, சித்திரையில் தறி கேட்பதும் அதுதான். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று நேராகப் பாவில் அடிக்காதபடி ஆள் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அப்போது தறிக்குழியிலேயே ஈரம் அளவுக்கு மேல் இருக்கும். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் மேலே இருந்து இறங்கும் உஷ்ணம் குறையும். இதில் ஈரக் கணக்கே இல்லை. தறிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

ஆனால் கூலரையும் ஏ.சி.யையும் ஒரே அறையில் ஒன்றாக ஓட்டக் கூடாது. "இரண்டும் சேர்ந்தால் இரட்டைக் குளிர்" என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்று தண்ணீரை ஊற்றும். மற்றது அதை இறைக்கும். இறைக்கும் கூலி உங்கள் தலையில்!

வாளியில் சேர்ந்த தண்ணீரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். குடிக்கக் கூடாது. குழாயில் உள்ள தூசியும் அழுக்கும் அதில் இருக்கும். செடிக்கு ஊற்றலாம். தறி வீடாக இருந்தால், நூலில் படாமல், தறிக்குழியைச் சுற்றித் தரையில் தெளித்துவிடலாம். ஊற்றிய பிறகு நடுக்கதவைச் சாத்திவிடுங்கள்.